பழைய கேசட், ரீல், இசைத்தட்டு எல்லாத்தையும் டிஜிட்டல் ஆக்குறது: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

எங்க வீட்டு கேசட் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு தெரிஞ்சவங்க ரெண்டு பேர்கிட்ட வாயை விட்டேன், அவங்க வேற நாலு பேர்கிட்ட சொல்ல, இப்ப வாரத்துக்கு ஒருத்தராவது பரண்ல இருந்து ஒரு பெட்டியை இறக்கி போட்டோ பிடிச்சு அனுப்பி இதை என்ன பண்றதுன்னு கேக்குறாங்க. பதில் முக்காவாசி ஒண்ணுதான், அதான் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு. நான் சவுண்ட் இன்ஜினியர் இல்ல, சொந்த டேப்பை வச்சு தப்பு தப்பா பண்ணி கத்துக்கிட்டவன்.

முதல்ல இது என்ன வேலை? கேசட்டை உள்ள சொருகினா அப்படியே காப்பி ஆயிடுமா?

பென்டிரைவ் காப்பி மாதிரி நினைச்சுக்காதீங்க. கேசட்டை பிளேயர்ல சாதாரணமா ஓட விடுறோம், ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சிக்னலை ஒயர் வழியா கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி விடுறோம், நடுவுல ஒரு சிப் அந்த சிக்னலை செகண்டுக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து நம்பரா எழுதிக்குது. அவ்வளவுதான். அதனால 60 நிமிஷ கேசட்டுக்கு 60 நிமிஷம் ஆகும், 90க்கு 90.

டபுள் ஸ்பீடுல ஓட்டி அப்புறம் கம்ப்யூட்டர்ல மெதுவாக்கிக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டார். யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா 10 கிலோஹெர்ட்ஸ்ல இருந்த சத்தம் அப்போ 20க்கு ஏறிடும், பிளேயரோட சர்க்யூட் ஒரே வேகத்துக்குன்னு சரிக்கட்டி வச்சது, ட்ரெபிள், அதாவது மேல் பக்கத்து மெல்லிசான சத்தம் எல்லாம் குழம்பிப் போயிடும். ஆற அமர ஓட்டுங்க. கேட்டுக்கிட்டே இருந்தா எங்க யார் பேசுறாங்கன்னு அப்பவே குறிச்சும் வச்சுக்கலாம்.

இத்தனை வருஷம் அலமாரியில சும்மாத்தானே கிடந்துச்சு, இப்ப என்ன அவசரம்?

நாடா கெட்டுப்போறது ஒரு பக்கம். அதைவிட பெரிய தலைவலி அதை ஓட்டுற மெஷின். பிலிப்ஸ் கம்பெனி 1963ல கொண்டு வந்த கேசட்டை ஓட்ட இன்னைக்கு நல்ல டெக் புதுசா கிடைக்கிறது அபூர்வம், பழசு இருந்தா பெல்ட் உருகி தார் மாதிரி ஆகியிருக்கும், ரிப்பேர் தெரிஞ்ச ஆளுங்களும் குறைஞ்சுட்டே வர்றாங்க. ஒலி ஆவணக் காப்பகங்கள்ல வேலை பண்றவங்க இதை ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, 2025ஐ ஒட்டி டேப் ஓட்டுறதே கஷ்டமாயிடும்னு, யுனெஸ்கோ கூட காந்த நாடாவுக்குன்னே தனியா ஒரு எச்சரிக்கை திட்டம் நடத்துச்சு. அந்த வருஷம் வந்தும் போயிடுச்சு.

என்கிட்ட முன்னூறு கேசட் இருக்கு, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

உலகத்துல வேற யார்கிட்டயும் இல்லாதது முதல்ல. தாத்தா பேசினது, குழந்தை மழலை, வீட்டு விசேஷத்துல யாரோ ஒருத்தர் பட்டனை அமுக்கி வச்சது, இதெல்லாம் ஒரே ஒரு பிரதிதான். கடையில வாங்கின பாட்டு கேசட் கடைசி, அது ஏற்கனவே நல்ல தரத்துல வெளியாகியிருக்க வாய்ப்பு அதிகம், அதுக்காக ராத்திரி கண் முழிக்காதீங்க.

இதுக்குள்ளயும் வரிசை மாறுற இடம் ஒண்ணு இருக்கு. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை குப்புன்னு அடிக்குதா, அது அசிடேட்ங்கிற பிளாஸ்டிக் நாடா சுத்தின ரீல், அழுக ஆரம்பிச்சுட்டுதுன்னு அர்த்தம், ஒரு தடவை ஆரம்பிச்சா வேகம் கூடிக்கிட்டேதான் போகும். அதை மத்த டேப்ல இருந்து தனியா எடுத்து வைங்க, முதல்ல அதை முடிங்க.

என்னென்ன சாமான் வேணும்?

நல்ல நிலைமையில ஒரு கேசட் டெக், லைன் அவுட் (சிக்னலை ஒயர்ல வெளிய எடுக்குற ஓட்டை) இருக்குறது. ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது சிக்னலை நம்பராக்கி கம்ப்யூட்டருக்கு அனுப்புற சின்னப் பெட்டி, ஸ்டீரியோ லைன் இன்புட் இருக்குறதா பார்த்துக்கங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒயர். கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போதும், இலவசம்தான். காதுக்கு ஹெட்போன். காசு செலவழிக்கிறதா இருந்தா வரிசை இதுதான்: டெக்குக்கு முதல்ல, அப்புறம் இன்டர்ஃபேஸுக்கு, சாஃப்ட்வேருக்கு கடைசியா. நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, மோசமா ஓடின டேப்பை எந்த சாஃப்ட்வேரும் சரி பண்ணாது.

லேப்டாப்ல இருக்குற சின்ன ஓட்டை பெரும்பாலும் மைக் இன்புட். அதுல லைன் அவுட்டை சொருகினா சத்தம் பிளந்துக்கும், அதுவும் மோனோவாத்தான் ஏறும், போதாக்குறைக்கு கம்ப்யூட்டர் தானா சத்தத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே இருக்கும். என்னோட முதல் பதினோரு கேசட் அப்படித்தான் போச்சு, பேச்சுக்கு நடுவுல மூச்சு விடுற இடத்துல எல்லாம் இரைச்சல் எழும்பி எழும்பி அடங்கும், திரும்ப முதல்ல இருந்து ஓட்டினேன். அதனால இன்டர்ஃபேஸ் வாங்குங்க, கம்ப்யூட்டர் செட்டிங்ஸ்ல சத்தத்தை "மேம்படுத்துற" ஆப்ஷன் எது இருந்தாலும் ஆஃப் பண்ணுங்க.

யூஎஸ்பி ஒயர் வச்ச சின்ன வாக்மேன் மாதிரி ஒண்ணு விக்குதே, அது போதாதா?

டேப்ல என்ன இருக்குன்னு கேட்டுப் பார்த்து தரம் பிரிக்க போதும். அதையே கடைசி காப்பின்னு வச்சுக்காதீங்க. உள்ள இருக்குற மோட்டாரும் பிளைவீலும் சின்னது, கேசட் செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர் சீரா ஓடணும், இதுல ஓட்டம் தள்ளாடும், நீளமா இழுக்குற ஸ்வரம் அலை மாதிரி ஆடுறது நல்லாவே தெரியும்.

ஸ்பீக்கர் பக்கத்துல போனை வச்சு ரெக்கார்ட் பண்ணிட்டேன், நல்லாத்தான் கேக்குது. தப்பா?

வேற வழியே இல்லாம பண்ணியிருந்தா தப்பில்ல, ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல். ஆனா அதுல டேப் மட்டும் இல்ல, உங்க ரூம் எதிரொலி, ஃபேன் சத்தம் எல்லாம் சேர்ந்திருக்கும், பிரிச்செடுக்க முடியாது, பாஸை, அதாவது கீழ் பக்கத்து கனமான சத்தத்தை, போன் மைக் பேச்சுக்குன்னு வெட்டி விட்டிருக்கும். டேப் இன்னும் இருக்குன்னா ஒயர் போட்டு திரும்ப ஓட்டுங்க.

டேப்பை ஓட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

கேசட்டோட முதுகுப் பக்கம் ரெண்டு சின்ன பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அதை உடைச்சு விடுங்க. அப்புறம் தெரியாம ரெக்கார்ட் பட்டனை அமுக்கினாலும் அழியாது. இதை எல்லாத்துக்கும் முன்னாடி சொல்றேன், ஏன்னா இது மட்டும்தான் திருத்தவே முடியாத தப்பு.

அடுத்து டெக்கோட ஹெட் (நாடாவைப் படிக்கிற பாகம்), அது பக்கத்துல இருக்குற இரும்புக் குச்சி, ரப்பர் ரோலர் மூணையும் துடைங்க. இயர்பட்ல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு, பழுப்பு நிறம் வராத வரைக்கும். அந்தப் பழுப்பு என்னன்னு நினைக்கிறீங்க, யாரோட டேப்போ உதிர்ந்து ஒட்டின இரும்புத் தூள். ரப்பருக்கு ஆல்கஹால் அளவா போதும், ஊற விட்டா ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும்.

அப்புறம் கேசட்டை ஒரு முனையில இருந்து அடுத்த முனைக்கு ஃபாஸ்ட் ஃபார்வேர்ட், திரும்ப ரீவைண்ட். வருஷக்கணக்கா ஒரே மாதிரி சுத்திக் கிடந்த நாடா ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும், கொஞ்சம் இளகும்.

டெக்ல டால்பி பி, சி, அப்புறம் குரோம், மெட்டல்னு சுவிட்ச் இருக்கு. எதுல வைக்கணும்?

ரெக்கார்ட் பண்ணப்ப எது போட்டாங்களோ அதே. டால்பிங்கிறது ரெக்கார்ட் பண்றப்ப மெல்லிசான ட்ரெபிளைத் தூக்கி எழுதும், ஓட்டுறப்ப அதே அளவு இறக்கும், இறக்குறப்ப டேப் இரைச்சலும் சேர்ந்து இறங்கிடும். ஒரு பக்கம் மட்டும் போட்டா கணக்கு உதைக்கும். டால்பி போட்டு எழுதினதை டால்பி இல்லாம ஓட்டினா கீச்சுன்னு இருக்கும், போடாம எழுதினதை போட்டு ஓட்டினா கம்பளியைப் போத்தின மாதிரி இருக்கும். லேபிள்ல எழுதியிருந்தா அதை நம்புங்க, இல்லைன்னா காதை நம்புங்க. வீட்டு சின்ன டேப் ரெக்கார்டர்ல பிடிச்சதுல டால்பி இருக்கவே இருக்காது.

குரோம், மெட்டல்ங்கிற டேப் வகையை நிறைய டெக் கேசட் மேல இருக்குற பள்ளத்தைப் பார்த்து தானே கண்டுபிடிச்சுக்கும்.

எல்லாம் சரியா பண்ணியும் சத்தம் மந்தமா, தலகாணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி இருக்கு. டேப் போச்சா?

போகல. பத்துக்கு எட்டு தடவை இதுக்கு காரணம் ஹெட் சாய்வு. இந்த ஒரு பதிலுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதினேன்னு வச்சுக்கங்க.

ஹெட்ல நடுவுல முடியை விட மெல்லிசா ஒரு கோடு இருக்கு, அந்த இடைவெளிதான் காந்தத்தைப் படிக்குது. கேசட் நாடாவோட அகலமே 3.81 மில்லிமீட்டர்தான், அதுக்குள்ள ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு டிராக். ரெக்கார்ட் பண்ண மெஷின்ல அந்தக் கோடு ஒரு பொட்டு சாய்ஞ்சிருந்தா எழுத்தும் சாய்ஞ்சுதான் விழும், உங்க டெக்ல கோடு நேரா இருந்தா அந்த எழுத்தை முழுசா படிக்காது. முதல்ல அடிபடுறது ட்ரெபிள். அதாவது உங்க டெக் சரியா இருக்கு, அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர் கோணல், அந்தக் கோணலுக்கு நாம வளைஞ்சு குடுக்கணும்.

ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு பக்கம் ஸ்பிரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும். நிறைய டெக்ல கதவு மூடியைக் கழட்டினா ஓடிக்கிட்டு இருக்கும்போதே அது கைக்கு எட்டும். ரெண்டு சேனலையும் சேர்த்து மோனோவா ஹெட்போன்ல கேளுங்க, ஸ்க்ரூவை கால் சுத்துக்கும் கம்மியா மெதுவா அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்புங்க, ஒரு இடத்துல "ஸ" "ஷ" எல்லாம் சட்டுன்னு தெளிஞ்சு ஜன்னலைத் திறந்த மாதிரி ஆகும், அங்க நிறுத்துங்க. மோனோ எதுக்குன்னா, சாய்வு தப்பா இருந்தா ரெண்டு சேனலும் ட்ரெபிள்ல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், வித்தியாசம் நல்லா எடுத்துத் தெரியும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ எந்தத் திசையில இருந்துச்சுன்னு போட்டோ எடுத்துக்கங்க, முடிஞ்சதும் பழைய இடத்துக்கே கொண்டு வரணும். பி சைடுக்கு திரும்ப ஒரு தடவை பாருங்க, மாறியிருக்கும். ஈக்வலைசர்ல ட்ரெபிளை ஏத்திக்கலாமேன்னு கேக்காதீங்க, டேப்ல இருந்து வராத சத்தத்தை ஏத்த முடியாது, இரைச்சல்தான் ஏறும்.

ரெக்கார்டிங் லெவல் எவ்ளோ வைக்கணும்? மீட்டர் சிவப்பு தொடணுமா?

தொடவே கூடாது. அந்தக் காலத்துல டேப்ல பதியறப்ப கொஞ்சம் சிவப்புக்குள்ள போனா நல்லதுன்னு பழக்கம், டிஜிட்டல்ல பூஜ்யத்தைத் தாண்டினா அலையோட தலையை வெட்டின மாதிரி, அது திரும்பாது. சத்தம் அதிகமா இருக்குற இடத்தை முதல்ல ஓட்டிப் பார்த்து உச்சம் மைனஸ் 6ல இருந்து மைனஸ் 10 டெசிபலுக்குள்ள நிக்கிற மாதிரி வைங்க. கம்மியா தெரியுதேன்னு பதறாதீங்க, 24 பிட்ல (ஒவ்வொரு அளவையும் எவ்ளோ நுணுக்கமா எழுதுறதுங்கிற கணக்கு) எடுத்தா அப்புறம் தூக்கிக்கலாம், ஒண்ணும் குறையாது.

"ம்ம்ம்"னு ஒரு உறுமல் விடாம வந்தா அது டேப்ல இருக்கா ஒயர்ல இருக்கான்னு பாருங்க. டேப்பை நிறுத்தியும் வந்தா ஒயர்தான். லேப்டாப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்க, பாதி நேரம் அதோட முடிஞ்சிடும்.

வேவ், ஃபிளாக், எம்பி3 எதுல சேவ் பண்றது? 24 பிட் 96 எல்லாம் ஓவர் இல்லையா?

மூல காப்பி வேவ் அல்லது ஃபிளாக், கேக்குறதுக்கும் அனுப்புறதுக்கும் எம்பி3. எம்பி3 நம்ம காதுக்கு தெரியாதுன்னு அது நினைக்கிறதை எல்லாம் தூக்கிப் போட்டுடும், அதை மூலமா வச்சுக்கிட்டா பின்னாடி இரைச்சல் எடுக்கணும்னு உக்காரும்போது அந்தத் தூக்கிப் போட்டது வேணும்னு தோணும். ஃபிளாக் எதையும் தூக்கிப் போடாது, மடிச்சு மட்டும் வைக்கும்.

ஒலி காப்பகங்களோட சர்வதேச சங்கமான ஐஏஎஸ்ஏ குறைஞ்சது 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், முடிஞ்சா 96ன்னு சொல்லுது. ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு 48ல ஒரு ஜிபி, 96ல ரெண்டு ஜிபி, தோராயமா. வீட்டுல பேசின கேசட்டுக்கு நான் 48லயே நிறுத்திடுறேன், நல்ல ரீல், இசைத்தட்டுன்னா 96. கேசட்ல 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல என்ன இருக்குன்னு கேட்டா ஒண்ணும் இல்லதான், ஆனா தட்டுல வர்ற டிக் டிக் சத்தத்தை சாஃப்ட்வேர் அடையாளம் கண்டுபிடிக்க அந்த மேல் இடம் உதவுது.

ஏற்கனவே எம்பி3யா மாத்தி வச்சிருக்கேன், அதை வேவ் ஆக்கிட்டா தரம் வந்துடுமா?

வராது. ஃபைல்தான் பெருசாகும். தூக்கிப் போட்டது போனதுதான். டேப் இருந்தா திரும்ப ஓட்டுங்க, இல்லைன்னா அந்த எம்பி3யையே பத்திரமா வைங்க, மறுபடி மறுபடி எம்பி3யா சேவ் பண்ணாதீங்க.

உஸ்ஸுன்னு வர்ற இரைச்சலை சுத்தமா எடுக்கணும், எப்படி?

சுத்தமா எடுக்க நினைக்கிறதுதான் பிரச்சனையே. ஆடாசிட்டியில யாரும் பேசாத ஒரு ரெண்டு செகண்டை மாதிரியா காட்டினா அந்த இரைச்சலைக் குறைச்சுக் குடுக்கும், ஆனா அழுத்திப் போட்டீங்கன்னா பேசுறவர் தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி, வார்த்தை முடியற இடத்துல கிண்கிணின்னு ஒரு சத்தம் வரும். 6 டெசிபல், மிஞ்சினா 9, அதோட நிறுத்துங்க. உஸ்ஸை ரெண்டு நிமிஷத்துல காது மறந்துடும், அந்தக் கிண்கிணி மறக்காது.

இதைவிட முக்கியம், மூல ஃபைல்ல கை வைக்காதீங்க. இன்னொரு காப்பி எடுத்து அதுல எல்லாம் பண்ணுங்க. ஹெட் சாய்வு சரி பண்ணாம இரைச்சல் எடுக்க உக்காரவே உக்காராதீங்க, அதுக்கு மேல சொன்னதுதான்.

ஏஐ வச்சு சத்தத்தை தெளிவாக்குறாங்களே, அது?

பேச்சைப் பிரிச்செடுக்குறதுல அசத்துது, மறுக்கல. ஆனா சில ஆப் டேப்ல இருக்குற குரலை சுத்தம் பண்றதில்ல, இப்படித்தான் இருந்திருக்கும்னு ஊகிச்சு புதுசா வரைஞ்சு குடுக்குது. முணுமுணுப்பா இருந்த வார்த்தை வேற வார்த்தையா மாறிடலாம். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு, இது நம்ம ஆளு மாதிரி இருக்கு, ஆனா நம்ம ஆளு இல்லன்னு உடனே உறைக்கும். தனி காப்பியா வைங்க, பேர்லயே ஏஐன்னு போட்டு வைங்க.

பேச்சு எல்லாம் கீச்சுக் குரல்ல வேகமா ஓடுது, கேசட் முடிய முடிய இன்னும் மோசமாகுது. டெக் கோளாறா?

வேற கேசட் அதே டெக்ல சரியா ஓடினா டெக் மேல தப்பில்ல. ரெக்கார்ட் பண்ணப்ப பேட்டரி தீர்ந்துக்கிட்டு இருந்திருக்கு. மோட்டார் மெதுவா ஓடியிருக்கும், இப்ப சரியான வேகத்துல ஓட்டுறப்ப வேகமாத் தெரியுது. கம்ப்யூட்டர்ல ஏத்தின பிறகு வேகத்தைக் குறைக்கலாம், ஆனா சுருதியை மட்டும் மாத்துற ஆப்ஷன் வேணாம், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுறதை எடுங்க. போகப் போக மாறுதுன்னா துண்டு துண்டா, இல்ல சறுக்கி மாத்துற எஃபெக்ட் ஒண்ணு இருக்கு, அதுல.

எவ்வளவு குறைக்கிறதுன்னு தெரியாட்டி, கரண்ட்ல ஓடின ஏதாவது ஒண்ணோட உறுமல் பின்னாடி பதிவாகியிருக்கான்னு தேடுங்க. ஊரைப் பொறுத்து அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், அல்லது அதோட ரெட்டிப்பு. 50 வர வேண்டிய இடத்துல 54 காட்டினா 8 சதவீதம் வேகம்னு கணக்கு கையில வந்துடுச்சு.

டேப்பை மெஷின் கடிச்சு துப்பிடுச்சு, ஒரு இடத்துல அறுந்தும் போச்சு.

கசங்கின இடத்தை விரலால நீவி விட்டு மெதுவா சுத்துங்க, அந்த சில செகண்ட் மட்டும் மங்கும். அறுந்ததுக்கு டேப் ஒட்டுறதுக்குன்னே ஒரு ஒட்டு நாடா இருக்கு, அதை பின்பக்கம், அதாவது ஹெட்டுல படாத பக்கம் ஒட்டணும். சாதாரண செலோடேப் வேணாம், அதோட பசை நாளாக ஆக பிதுங்கி அடுத்த சுத்துல ஒட்டும், ஹெட்லயும் அப்பும். கேசட் ஸ்க்ரூ போட்டதுன்னா திறக்கலாம், ஒட்டினதுன்னா ஓரத்துல கத்தியால நெம்பி உடைச்சு நாடாவை வேற ஸ்க்ரூ கேசட் கூட்டுக்குள்ள மாத்தணும். முதல் தடவை யாருக்கும் வேணாத கேசட்டை வச்சுப் பழகுங்க.

அவர் பேசுறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடியே அதே பேச்சு ரகசியமா கேக்குது. பேய் மாதிரி இருக்கு சார்.

பேய்தான், ஆனா காந்தப் பேய். சுத்தி வச்ச நாடாவுல ஒரு சுத்தோட காந்தம் பக்கத்து சுத்துல லேசா பதிஞ்சிடும். சி-90, சி-120ல (90, 120 நிமிஷ கேசட்) நாடா மெல்லிசு, அதனால அதுல கூட. ஓட்டுறதுக்கு முன்னாடி முன்னும் பின்னும் சுத்தி எடுக்கச் சொன்னேன்ல, அது இதையும் ஓரளவு குறைக்கும். முழுசா போகாது.

ரீல் டேப்ல ஒரு பாட்டு நல்லா ஓடுது, கூடவே இன்னொண்ணு தலைகீழா ஓடுது. கெட்டுப் போச்சா?

இல்ல, டிராக் பொருந்தல. கால் அங்குல நாடாவை முழு அகலமும் எழுதுற மெஷின் உண்டு, பாதி பாதியா எழுதுறது உண்டு, நாலா பிரிச்சு எழுதுறதும் உண்டு. நாலு டிராக் டேப்பை ரெண்டு டிராக் மெஷின்ல போட்டா அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் படிக்கும், அது பின்னாடி இருந்து ஓடும். சரியான மெஷினைப் பிடிங்க. பிடிச்சதும், ரெண்டு சேனல்ல ஒண்ணு மட்டும் தலைகீழா வருதுன்னா அது மோனோ டேப், சந்தோஷப்படுங்க, ஒரே ஓட்டுல ரெண்டு பக்கமும் ஏத்திக்கலாம், கம்ப்யூட்டர்ல ஒண்ணைத் திருப்பிப் போட்டா ஆச்சு.

ரீல் ஓட்டுறப்ப கிரீச்சுன்னு கத்தி நின்னு போகுது, ஹெட்ல பசை மாதிரி ஒட்டுது. ஓவன்ல வச்சு சூடு பண்ணலாம்னு படிச்சேன்.

படிச்சது உண்மைதான், முதல்ல ஓட்டுறதை நிறுத்துங்க. 1970, 80கள்ல வந்த சில டேப்புல, ஆம்பெக்ஸ் 456 பேர் போனது, இரும்புத் தூளை நாடாவோட பிடிச்சு வைக்கிற பசை காத்துல இருக்குற ஈரத்தைக் குடிச்சு சிதைஞ்சிடும். ஓட்ட ஓட்ட உரிஞ்சு வரும், உரிஞ்சதுதான் உங்க பாட்டு. 54 டிகிரி செல்சியஸ் பக்கம் எட்டு மணி நேரமோ அதுக்கு மேலயோ சீரா சூடு குடுத்தா கொஞ்ச நாளைக்கு தேறும், அதுக்குள்ள ஓட்டி எடுத்துடணும்.

ஆனா சமையல் ஓவன்ல சூடு ஏறி இறங்கும், மைக்ரோவேவ் பேச்சே வேணாம். இன்னொண்ணு, அசிடேட் டேப்பை சூடு பண்ணவே கூடாது. ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டுல பிடிங்க, வெளிச்சம் ஊடுருவித் தெரிஞ்சா அசிடேட். இந்த ஒரு வேலையை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, எங்கிட்ட வந்தாலும் நான் அதைத்தான் பண்ணுவேன்.

தாத்தா காலத்து கனமான கறுப்புத் தட்டு இருக்கு. ஸ்பிரிட் போட்டு துடைச்சு எல்பி பிளேயர்ல ஓட்டலாமா?

ரெண்டும் கூடாது. 78 வேகத்து (நிமிஷத்துக்கு 78 சுத்து) தட்டு பெரும்பாலும் அரக்குல செஞ்சது, ஸ்பிரிட் பட்டா அரக்கு கரையும். வடிகட்டின தண்ணியில ஒரு சொட்டு சோப்பு, மெத்துன்னு துணி, நடு லேபிள் நனையாம துடைச்சு உடனே காய வைங்க. ஊசியும் வேற: எல்பி ஊசி இந்தத் தட்டோட அகலமான பள்ளத்துக்கு அடியில போய் அழுக்கைத்தான் உரசும். கிட்டத்தட்ட மூணு மடங்கு தடிமனா 78க்குன்னே தனி ஊசி கிடைக்கும். பிளேயர்ல 78 வேகம் இல்லைன்னா 45ல ஓட்டி ஏத்திட்டு கம்ப்யூட்டர்ல 1.733 மடங்கு வேகமாக்கிக்கலாம், தட்டுக்கும் ஊசிக்கும் அலைச்சல் கம்மி.

எல்பியோ 78ஓ, தட்டு பிளேயரை நேரா லைன் இன்புட்ல சொருகினா கொசு பாடுற மாதிரிதான் கேக்கும், ஏன்னா ஊசியில இருந்து வர்றது அஞ்சு மில்லிவோல்ட் பக்கம், பாஸும் வேணும்னே குறைச்சு வெட்டியிருப்பாங்க. அந்த சின்ன சிக்னலைப் பெருசாக்குற ஃபோனோ ப்ரீஆம்ப் நடுவுல வேணும். அது 1954ல வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைத்தட்டு கம்பெனிகளோட சங்கம்) அளவுப்படி பாஸைத் திருப்பிக் குடுக்கும். அதுக்கு முன்னாடி வந்த தட்டுக்கு ஆளாளுக்கு ஒரு அளவு, அதனால 78 தட்டோட சத்தத்தை கடைசியா காதால சரி பண்ணத்தான் வேண்டியிருக்கும்.

தட்டு உடைஞ்சு ரெண்டா இருக்கு. தூக்கிப் போடவா?

துண்டு எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு உரசாம எடுத்து வைங்க. ஒட்டாதீங்க. அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல ஐரீன்னு ஒரு முறை உருவாக்கினாங்க, ஊசியே படாம பள்ளத்தைப் படம் பிடிச்சு படத்துல இருந்து சத்தத்தைக் கணக்கு போட்டு எடுக்குறது, உடைஞ்ச தட்டுக்கும் மெழுகு உருளைக்கும் கூட. நம்ம வீட்டுத் தட்டுக்கு அது நாளைக்கே நடக்காது, ஆனா குப்பையில போட்டதுக்கு என்னைக்குமே நடக்காது.

கேசட்ல வெள்ளையா பூத்திருக்கு, துடைச்சுட்டு போடலாமா?

பூஞ்சை. மாஸ்க் போடுங்க, அது நெஞ்சுக்குள்ள போறது நல்லதில்ல. நல்ல டெக்ல நேரா போட்டா அடுத்த கேசட்டுக்கும் பரவும். காய்ஞ்ச இடத்துல நல்லா உலர விட்டு, மத்ததுல இருந்து ஒதுக்கி வச்சு, கூட்டை மாத்தி, நாடாவை துணியில லேசா பிடிச்சு சுத்தி எடுத்து, மட்டமான டெக்ல ஒரு தடவை ஓட்டிப் பார்த்து அப்புறம் நல்லதுல.

அப்பா குரல் இருந்த கேசட் மேல யாரோ பாட்டு ரெக்கார்ட் பண்ணிட்டாங்க. அடியில இருக்குறதை எடுக்க முடியுமா?

இந்தக் கேள்வியை மூணு பேர் கேட்டிருக்காங்க, மூணு தடவையும் சொல்லக் கஷ்டமா இருந்துச்சு. கேசட்ல முடியாது. புதுசா பதியறதுக்கு முன்னாடி அழிக்கிற ஹெட் ஒண்ணு அந்த இடத்தைத் துடைச்சுட்டுத்தான் போகுது. ரீல்ல மட்டும் ஒரு சந்து உண்டு, அகலமா எழுதின பழைய டேப் மேல நாலு டிராக் மெஷின்ல பதிஞ்சிருந்தா டிராக்குக்கு நடுவுல இருக்குற இடைவெளியில பழசு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். கேசட்டுன்னா பாட்டு எங்க முடியுதுன்னு பாருங்க, கடைசி வரைக்கும் ஓட விடுங்க, பாட்டு தீர்ந்த பிறகு பழைய பதிவோட வால் இருக்கலாம். ஒருத்தருக்கு நாலு நிமிஷம் அப்படி கிடைச்சுது.

ஏத்தினதை எங்க, எப்படி வைக்கிறது? சிடியில எழுதி வச்சா போதுமா?

வீட்டுல எழுதுற சிடியை நம்பாதீங்க, டேப்பை விட சீக்கிரம் போன சிடி எங்கிட்டயே இருக்கு. மூணு காப்பி, ரெண்டு விதமான இடத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய. ஃபைல் பேரை வருஷம், யார், எந்தக் கேசட், எந்த சைடுன்னு ஒரே மாதிரி வைங்க, "புது ரெக்கார்டிங் 7"ன்னு விட்டா ரெண்டு மாசத்துல உங்களுக்கே தெரியாது. கேசட் அட்டையில இருக்குற கையெழுத்தையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டர்ல போடுங்க. பேசுறது யாருன்னு சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதிக்கங்க.

எல்லாம் முடிஞ்சுது, இனி கேசட்டைத் தூக்கிப் போட்டுடலாம்ல?

வேணாம். இன்னும் நல்ல டெக் கிடைச்சா திரும்ப ஓட்டத் தோணும், எனக்கு அந்தப் பதினோரு கேசட்டுக்கு தோணின மாதிரி. முழுசா ஒரு பக்கமா சுத்தி, நிக்க வச்சு, ஈரமும் வெயிலும் படாத இடத்துல, ஸ்பீக்கர் பக்கத்துல இல்லாம வைங்க. டெக்கையும் விக்காதீங்க, மாசத்துக்கு ஒரு தடவையாவது பத்து நிமிஷம் ஓட விடுங்க, சும்மாவே கிடந்தா பெல்ட் ஒரே வளைவுல இறுகி, அடுத்த தடவை ஓட்டுறப்ப ஓட்டம் தள்ளாடும்.